புயல் எச்சரிக்கையை ஊருக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் எட்டு இளைஞர்களுக்குப் பயிற்சி நடத்தினேன். டெல்லியிலிருந்து வரும் புயல் அறிக்கையைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் சுருக்கி, ஐராவதி டெல்டாவில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் பயிற்சி. ஆறு பேர் எழுதிக் கொடுத்தது, 2008இல் நான் எழுதிய அதே சீட்டு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிழையாக எழுதுவது, தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோவது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள். மற்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

நேரத்தைப் பார்த்து எழுதுவது

வங்கக் கடல் புயல்களுக்கு உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில் வட்டார மையமாக இருப்பது டெல்லி. அங்கிருந்து வரும் அறிக்கையில் உலகப் பொது நேரமோ இந்திய நேரமோ இருக்கும். இந்திய நேரத்தோடு ஒரு மணி நேரத்தையும், பொது நேரத்தோடு ஆறரை மணி நேரத்தையும் கூட்டினால்தான் நம் நேரம். ஒரு தம்பி பொது நேரம் 12 மணி என்றிருந்ததை "பகல் 12 மணி" என்று எழுதிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு வானம் சும்மா இருந்தால் ஊரார் என்ன செய்வார்கள்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். மாலை ஆறரைக்குப் புயல் வரும்.

இரண்டு வேகங்களைக் கண்டு குழம்புவது

2023 மே 14 அன்று சித்வே அருகே கரை கடந்த மோக்கா புயலின் உச்ச வேகம் டெல்லி கணக்கில் மணிக்கு 215 கிலோமீட்டர், அமெரிக்கக் கடற்படை மையத்தின் கணக்கில் 280. யாரோ ஒருவர் பொய் சொல்வதாகப் பேச்சுக் கிளம்பியது. டெல்லி மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரியை. சராசரி எடுக்கும் நேரம் குறையக் குறைய எண் பெரிதாகும். மதிப்பிடும் முறையும் மையத்துக்கு மையம் மாறும். ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே சொல்லுங்கள்.

காற்றைச் சொல்லிவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுவது

2008 ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்தே நர்கிஸ் புயல் பற்றி டெல்லி பர்மாவுக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. மே 1 காலையில் டெல்டாவில் உள்ள போகலே பக்கம் போகும் படகுக்காரரிடம் மாமாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த அரைத்தாள். "நாளை இரவு பலத்த காற்று வரும். கூரையைக் கயிறு போட்டுக் கட்டுங்கள் மாமா. நெல்லை நனையாமல் மூடுங்கள். யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்."

நான்கு வரிகள். கடலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மே 2 இரவு கடல் ஊருக்குள் வந்தது. அத்தையும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். மாமா ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக் கிடந்து பிழைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. "நீ எழுதியபடியே எல்லாம் செய்தோம், தம்பி" என்றார்.

நர்கிஸில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கில் 1,38,000க்கு மேல். பெரும்பாலோரைக் கொன்றது தண்ணீர். டெல்டா தட்டை நிலம். காற்று தள்ளிய கடலை ஆற்று வாய்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. தடுத்து நிற்க வேண்டிய அலையாத்திக் காடுகளை வயலுக்காகவும் இறால் பண்ணைக்காகவும் வெட்டியிருந்தார்கள். எத்தனை நாடுகள் கூடி ஏற்பாடு செய்த எச்சரிக்கை அது! அத்தனை தூரம் வந்தது, என் அரைத்தாளில் வந்து பாதியாகிவிட்டது. அதனால்தான் "மணிக்கு இத்தனை கிலோமீட்டர்" என்று மட்டும் எழுதிய தாளைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

தண்ணீரைச் சொன்ன இரண்டு பேரும் இன்னொரு இடத்தில் சறுக்கினார்கள். அறிக்கையில் 3 மீட்டர் என்றிருந்தால், அது வழக்கமான ஓதத்துக்கு, அதாவது கடல் அன்றாடம் ஏறி இறங்கும் மட்டத்துக்கு, மேல் 3 மீட்டர். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் புயல் வந்தால் ஒரு கணக்கு, ஏறியிருக்கும் நேரத்தில் வந்தால் வேறு கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னும் மோசம். 2008 மே 5 அமாவாசை. ஓதம் எப்போது ஏறும் என்பதை அந்த ஊர் மீன்பிடிக்காரர் வாய்க்கணக்காகச் சொல்வார். எழுதுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

பிறகு மீட்டரை விட்டுவிடுங்கள். 3 மீட்டர் ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம். டெல்டாவில் வீட்டைத் தூக்கி நிறுத்தும் மூங்கில் கால்களுக்கு என் மார்பு உயரம்தான் இருக்கும். "புயல் அலை எழுச்சி" என்று எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. "கடல் ஊருக்குள் வரும்" என்று எழுதுங்கள். எங்கே போக வேண்டும் என்பதும் அதே சீட்டில் இருக்க வேண்டும்: நர்கிஸுக்குப் பின் கட்டிய கான்கிரீட் புயல் கூடமா, மேட்டில் இருக்கும் பொங்கி (புத்த பிக்கு) மடமா, கோயிலா? மாட்டுக்காகப் பின்தங்குகிறவர்கள் உண்டு. "மாட்டை அவிழ்த்துவிடுங்கள்" என்று தனி வரி போடுங்கள்.

பயிற்சியில் ஒரு தங்கை திருத்தி எழுதியது: "இன்று இரவு கடல் ஊருக்குள் வரும். உங்கள் வீடு மூழ்கும். வெளிச்சம் இருக்கும்போதே மடத்துக்குப் போங்கள். மாட்டை அவிழ்த்துவிடுங்கள்." காற்றைப் பற்றி அவள் எழுதவே இல்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

புயலுக்குப் பெயர் வைத்த நாடு எது, பொருள் என்ன என்று விளக்குவது

வேண்டாம்.

வெளியிலிருந்து வந்து காப்பாற்றுவார்கள் என்று எண்ணுவது

நர்கிஸ் மே 2இல் அடித்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் சிங்கப்பூரில் கூடியது மே 19. ஆசியான், ஐ.நா., பர்மிய அரசு மூன்றும் சேர்ந்த குழு அமைந்தது அதற்கும் பிறகு. அந்தக் குழு வந்த பிறகு டெல்டாவுக்குள் உதவி போனது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பேரிடர் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஜகார்த்தாவில் அதற்கான மையம் 2011இல் அமைந்தது. 2025 மார்ச் 28 பர்மா நிலநடுக்கத்தில் வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் மறுநாளே வரத் தொடங்கின. அப்படியிருந்தும் மாண்டலேயில் முதல் சில மணி நேரம் வெறும் கையால் செங்கல் அகற்றியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம்.

அதனால் ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் எழுத வைக்கிறேன்: நடக்க முடியாதவர் யார், அவரை யார் தூக்குவது. மாமா ஊர்ப் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பெயர்களுக்கு எதிரே தூக்குகிறவர் பெயர் இன்னும் எழுதப்படவில்லை.