பழைய ஜீப்பில் பிரேக் குறைகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தட்டை நிலம். பாதிப் பிரேக்கோடு மாதக்கணக்கில் ஓடினாலும் தெரியாது. அதே வாகனத்தை ஏ9 வழியே கண்டிக்குக் கொண்டுபோய், நுவரெலியா வீதி இறக்கங்களில் விடும்போதுதான் குட்டு வெளிப்படும். "ஊருக்குள்ள நிக்குதுதானே" என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு.

அடுத்தது, பிரேக் மிதி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பாட், லைனர் வாங்கப் போவது. பிரேக் குறைகிறது என்றதும் பல கராஜ்களில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். எங்கே பழுது என்பதைப் பெரும்பாலும் கால் சொல்லிவிடும்.

மிதி கல்லுப்போல இறுகியும் வாகனம் நிற்க மறுத்தால் பூஸ்டர் பக்கம் பாருங்கள்; வெற்றிடத்தின் உதவியால் காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம் அது. எஞ்சினை நிறுத்தி நாலைந்து தரம் மிதியுங்கள். பிறகு மிதியை அழுத்தியபடியே ஸ்ராட் பண்ணுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலும் உடனே பூஸ்டரைக் கழற்ற வேண்டாம், முதலில் அதற்கு வெற்றிடம் வருகிறதா என்று பாருங்கள். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலேயே பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலுக்குத் தனியாக வக்கியூம் பம்ப் வேண்டும். பழைய டீசல் பஜீரோ, ஹைலக்ஸ் பலவற்றில் அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றரின் பின்பக்கத்தில் இருக்கும். ஒல்ரனேற்றர் திருத்திய பிறகு பிரேக் குறைந்தது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், நம்புங்கள். பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய வாகனமென்றால், பம்ப் போட்டார்களா என்று முதலில் பாருங்கள். பழைய சீரிஸ் லாண்ட் றோவர் பலவற்றில் பூஸ்டரே கிடையாது. அவற்றில் மிதி இறுக்கமாக இருப்பது இயல்பு.

மிதி ஆழமாகப் போய், இரண்டாம் தரம் மிதிக்கும்போது மேலே வந்தால் பின் ட்ரம் லைனர் தளர்ந்திருக்கக்கூடும். தானாக இறுக்கும் அட்ஜஸ்ரர் துருப்பிடித்து நின்றுபோவது பழைய வாகனங்களில் சாதாரணம். இதைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப எயார் எடுப்பவர்கள் (குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுபவர்கள்) ஒயிலைத்தான் வீணாக்குகிறார்கள். எத்தனை தரம் மிதித்தாலும் மெத்தென்றே இருந்தால்தான் எயாரைச் சந்தேகிக்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மிதி மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே கசிவும் இல்லாவிட்டால், மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. அந்த வாகனத்தைக் கராஜுக்கும் ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுங்கள்.

பலர் மறப்பது பின் அச்சுக்கு மேலே இருக்கும் சுமை வால்வு. வெங்காய மூட்டை ஏற்றிப் பின்பக்கம் தாழும்போது, ஒரு கம்பி வழியாக அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அதன் வேலை. வடிவுக்காக ஜீப்பை உயர்த்தினால் வால்வு எப்போதும் "வெறும் வண்டி" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பின் பிரேக்கைச் சோதிக்கச் சேஸியில் ஜக் வைத்துத் தூக்கினாலும் இதே ஏமாற்றுத்தான்: அச்சு தொங்கும், அழுத்தம் குறையும், சக்கரத்தில் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டர் நல்லதாக இருந்தாலும் பழுதுபோலத் தெரியும். ஜக்கை அச்சிலேயே வையுங்கள். சில மொடல்களில் இந்த வால்வுக்கும் எயார் எடுக்கும் நிப்பிள் உண்டு. அதை விட்டுவிட்டு நாலு சக்கரத்தையும் எத்தனை தரம் திறந்து பூட்டினாலும் மிதி சரிவராது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பிரேக் ஒயிலில் அந்தக் கெட்டித்தனம் வேண்டாம். எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ கொஞ்சம் கலந்தாலே உள் ரப்பர்கள் எல்லாம் ஊதிவிடும். சரியான ஒயிலும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 பாகை செல்சியஸ் வேண்டும். ஈரமேறியதற்கு 140 பாகையே போதும். தட்டை வீதியில் இந்த வித்தியாசம் தெரியாது, மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்து மிதி உள்ளே போகும்போது தெரியும்.

பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாதையாலும் அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துவிடும். பாட்டை அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகரும் பின்கள் இறுகினால் ஒரே சக்கரத்தில் ஒரு பாட் தேய்ந்திருக்கும், மற்றது புதிதுபோல இருக்கும். அந்தப் பின்களைத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கன் கிரீஸ் போடாமல் புதுப் பாட் போட்டால் அதுவும் அப்படியே தேயும். பாட் கழற்றும்போதே சேஸியோரம் ஓடும் இரும்புக் குழாய்களையும் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். அவை உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.