பிசைந்தால் கெடும் ரொட்டி: ஐரிஷ் சோடா பிரெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவும் புளித்த மோரும் எழுப்புகிற ஐரிஷ் சோடா பிரெட்டைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பிரெட் சுடத் தெரிந்தவர்கள்தான். மாவை அழுத்திப் பிசைந்து, மூடி வைத்து, உப்பும்வரை காத்திருந்து பழகிய கை இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும். இந்த மூன்றுமே இதற்கு ஆகாது. மோரிலுள்ள அமிலம் சோடாவைத் தொட்ட நொடியிலேயே கரியமில வாயு கிளம்பத் தொடங்கிவிடும். ரொட்டியைத் தூக்கி நிறுத்த வேண்டியது அந்த வாயுதான். காத்திருந்தால் அது போயே போய்விடும். மோர் ஊற்றியதிலிருந்து அவன் (oven) கதவைச் சாத்தும்வரை ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் ஏழு. ஆகவே மாவில் கை வைக்கும் முன்பே அவன் 230 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சூடேறி இருக்க வேண்டும்.

அளவு இதுதான்: மைதா 450 கிராம், சமையல் சோடா தலைதட்டிய 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், பட்டர்மில்க் 350 முதல் 400 மில்லி. வெண்ணெய், முட்டை, சர்க்கரை எதுவும் வேண்டாம். 1830, 40களில் அயர்லாந்துக் கிராமங்களில் சோடா புழக்கத்துக்கு வந்தபோது வீட்டில் இருந்தவை மென்கோதுமை மாவும், வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய புளித்த மோரும்தான். ஈரமும் குளிருமான அந்த நாட்டுக் கோதுமையில், மாவை இழுபட வைக்கும் புரதமான குளூட்டன் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு அது குறை, சோடாவுக்கு அதுவே பொருத்தம். பிரெட்டுக்கென்று விற்கும் புரதம் கூடிய மாவைத் தேடி வாங்குவது இதனால்தான் வீண்செலவு. ரொட்டி ரப்பர் மாதிரி ஆகிவிடும். சாதாரண மைதாவே போதும். செல்ஃப் ரைசிங் மாவும் கூடாது, அதில் ஏற்கெனவே பேக்கிங் பவுடரும் சிலவற்றில் உப்பும் கலந்திருக்கும்.

நம் சமையலறையில் மிக எளிதில் நேரும் தவறு மோரில்தான். பட்டர்மில்க் என்றதும் மோர் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கரைத்த நீர்மோரை ஊற்றிவிடுகிறோம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்ந்த மோரில் சோடாவை எழுப்புகிற அளவுக்குப் புளிப்பு கிடையாது. ரொட்டி எழும்பாமல் கனத்து உட்கார்ந்துவிடும். போதாததற்கு, அமிலம் கிடைக்காமல் மிஞ்சிய சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அதாவது சலவைச் சோடா. அறுத்த ரொட்டியில் மஞ்சள் நிறமும் சோப்பு வாடையும் அடித்தால் காரணம் இதுதான். 250 கிராம் கெட்டித் தயிரில் 150 மில்லி பால் அல்லது தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். காலையில் உறைந்த இனிப்புத் தயிரைவிட நேற்றைய புளித்த தயிர் மேல். தயிர் இல்லையென்றால் 370 மில்லி பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் வைத்தால் திரிந்துவிடும். வேலை நடக்கும், ஆனால் தயிரின் சுவை வராது.

எழும்பவில்லையே என்று அடுத்த முறை சோடாவைக் கூட்டுகிறவர்களும் உண்டு. குறை அமிலத்தில் இருக்கும்போது சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடைதான் கூடும். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடுவதும் சரிவராது. பேக்கிங் பவுடரில் அமிலம் உள்ளேயே இருக்கிறது. தயிரின் புளிப்பை முறிக்க ஆளில்லாமல் ரொட்டி புளித்துக் கிடக்கும். ஈரம் பட்டுக் கட்டிதட்டிய சோடாவை உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கி, மாவோடு சேர்த்துச் சலித்துவிடுங்கள். சலிக்காத கட்டி ரொட்டிக்குள் பழுப்புப் புள்ளியாக நிற்கும், கடித்தால் கசக்கும்.

இனி கைவேலை. அகலமான பாத்திரம் வேண்டும். மாவின் நடுவில் குழி பறித்து, மோரில் கொஞ்சம் மட்டும் நிறுத்திவைத்து மற்றதை ஒரே தடவையில் ஊற்றுங்கள். ஒரு கையின் விரல்களை விறைப்பாக விரித்து, பருந்துக் கால் மாதிரி வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகச் சுற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்றில் மாவு ஒன்றுசேரும். அடியில் உலர்மாவு நின்றால் நிறுத்திவைத்த மோரைத் தெளிக்கலாம். பதம் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டுவதாக இருக்க வேண்டும். மேலே சொரசொரவென்றுதான் இருக்கும், இருக்கட்டும். வழவழப்பாக்க நினைத்து இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்தால் குளூட்டன் இறுகி, வாயு வெளியேறி, ரொட்டி கல்லாகும். மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நாலு செ.மீ. உயர வட்டமாகத் தட்டினால் முடிந்தது.

மேலே போடும் சிலுவைக் கீறலை அலங்காரம் என்று நினைத்து மேலோட்டமாகக் கீறுவது அடுத்த பிழை. ரொட்டிக்குள் இருக்கும் குட்டித் தேவதைகள் வெளியேறத்தான் அந்தக் கீறல் என்பது அயர்லாந்துக் கிழவிகள் சொல்லும் கதை. உண்மையில் அது சூட்டுக்கான வழி. தடித்த வட்டத்தின் நடுப்பகுதிதான் கடைசியில் வேகும். கத்தி ஏறக்குறைய அடிவரை இறங்க வேண்டும், கீறல் ஓரம்வரை போக வேண்டும். இல்லாவிட்டால் மேலோடு சிவந்திருக்க நடுவில் களி மாதிரி நிற்கும்.

230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரிக்கு இறக்கி 25 முதல் 30 நிமிடம். சிறிய ஓடிஜி அவனில் மேல்கம்பி ரொட்டிக்கு மிக அருகில் இருப்பதால் மேல்புறம் கருகும். கீழ்த்தட்டில் வையுங்கள், சிவந்ததும் மேலே அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். வெந்ததா என்று பார்க்க நிறத்தை நம்ப வேண்டாம். திருப்பி அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுப் பானை போலச் சத்தம் வர வேண்டும். மொத்தென்று கேட்டால் தலைகீழாகவே இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். அந்தக் காலத்தில் பாஸ்டிபிள் என்ற, மூன்று கால் வைத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடிமேலும் தணலை அள்ளிப்போட்டுச் சுட்டார்கள். கனமான மூடியுள்ள இரும்புச் சட்டி வீட்டில் இருந்தால் அவனுக்குள் அதையே வைத்துச் சுடலாம், மேல்கம்பித் தொல்லை இருக்காது.

அவனே இல்லாதவர்களுக்கு வட அயர்லாந்தின் ஃபார்ல் இருக்கிறது. அதே மாவை ஒன்றரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, நாலாக வெட்டி, கல்லில் சுடுவது. ஃபார்ல் என்றாலே கால்பங்கு என்றுதான் பொருள். நம் இரும்புத் தோசைக்கல் இதற்கு அருமையாகப் பொருந்தும், தோசைக்கு வைக்கிற சூடுதான் பொருந்தாது. தீயைத் தணித்து, ஒவ்வொரு பக்கமும் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். கடைசியில் வெட்டிய ஓரங்களையும் கல்லில் நிறுத்திக் காட்ட மறந்தால் அங்கே பச்சை மாவு நிற்கும்.

அட்டாவில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முழுக்க அட்டா போட வேண்டாம். அயர்லாந்தின் பழுப்பு ரொட்டி மாவு கொரகொரவென்று தவிட்டோடு இருக்கும். நம் அட்டா பொடியாக அரைபட்டது, தண்ணீரையும் அதிகம் குடிக்கும். பாதி மைதா, பாதி அட்டா, ஒரு கைப்பிடி கோதுமைத் தவிடு, மோர் ஒரு 30 மில்லி கூடுதலாக.

சுட்டதும் அறுக்காதீர்கள். உள்ளே இன்னும் ஆவி அடங்கியிருக்காது, கத்தியில் பிசின் போல ஒட்டும். மேலோடு மெத்தென்று வேண்டுமானால் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள், மொறுமொறுப்பு வேண்டுமானால் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். எப்படியும் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். கொழுப்பு சேராத ரொட்டி என்பதால் சுட்ட அன்றே தின்பதுதான் சிறப்பு. மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரமே விறைத்துப்போகும். மறுநாள் தடிமனாக அறுத்து, கல்லில் வாட்டி, உப்பு வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள்.