விசிட்டர் பார்க்கிங்கில் காணாமல் போன கார்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகர அபார்ட்மெண்டில் ஒரு சனிக்கிழமை காலை கீழே இறங்கினால் காரைக் காணோம். திருட்டு என்றே நினைத்தேன். போலீஸின் அவசரமில்லாத எண்ணுக்கு அழைத்து நம்பர் பிளேட்டைச் சொன்னதும், 'இழுத்துப் போயிருக்கிறார்கள்' என்று டோயிங் கம்பெனியின் பெயரைக் கொடுத்தார்கள். தனியார் இடத்திலிருந்து வண்டியை இழுத்துப் போனால் டோயிங் கம்பெனி போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால் முதலில் அங்கேயே கேளுங்கள்.

தப்பு என்னுடையதுதான். என் பார்க்கிங் இடத்தை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, பர்மிட் இல்லாமல் விசிட்டர் இடத்தில் விட்டிருந்தேன்.

இழுத்த வண்டிகளை வைக்கும் யார்டில் 'ரொக்கம் மட்டும்' என்றார்கள். கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 22658-ஐ ஃபோனில் காட்டினேன்: கிரெடிட் கார்டையும் வாங்க வேண்டும். அங்கிருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே கார்டைத் தேய்த்தார். 24 மணி நேரத்துக்குள் போனதால் ஸ்டோரேஜ் கட்டணம் ஒரு நாளுக்கு மட்டும். ரசீதை விடாமல் கேட்டு வாங்கினேன். அப்புறம் நேராக அபார்ட்மெண்ட் ஆபீஸ், விசிட்டர் பர்மிட் வாங்க.