வெள்ளைத் தண்ணீர், கறுப்புக் காளை: படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல் போய்வந்தவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் அருவிப் படங்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் தண்ணீர் பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறத்தில் மங்கிக் கிடக்கும். இன்னொன்றில் பாறை நன்றாகத் தெரியும், தண்ணீர் விழும் இடம் மட்டும் ஒன்றுமே இல்லாமல் வெளுத்துப் போயிருக்கும். எடுத்தவர் 'இந்த போன் அவ்வளவுதான்' என்பார், அல்லது தவணையில் பெரிய கேமரா வாங்கக் கணக்குப் போடுவார். கேமராவை மாற்றினாலும் இதே படம்தான் வரும்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எதிரே நிற்பது அருவியா, எருமையா என்று தெரியாது. வருகிற வெளிச்சத்தை அளந்து, மொத்தப் படத்தையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். 18 சதவீதச் சாம்பல் என்று போட்டோகிராபர்கள் சொல்வது இதைத்தான். படச்சட்டம் முழுக்க வெள்ளை நுரை இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துக் குறைத்துவிடும், நுரை சாம்பலாகும். சட்டத்தில் முக்கால்வாசி கறும்பாறையும் நடுவில் ஒரு தாரை தண்ணீரும் இருந்தால், 'இருட்டாக இருக்கிறதே' என்று ஏற்றிவிடும். தண்ணீர் வெளுத்துப் போகும். இன்றைய போன்களும் மிரர்லெஸ் கேமராக்களும் முகம், வானம் எல்லாம் அடையாளம் கண்டு ஓரளவு சமாளிக்கின்றன. முழு வெள்ளை, முழு கறுப்பு என்று வரும்போது அவையும் தடுமாறத்தான் செய்கின்றன.

ஆக, முதல் தவறு கேமரா சொன்ன அளவை அப்படியே ஏற்றுக்கொள்வது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று ஒரு வசதி அநேகமாக எல்லா கேமராவிலும் உண்டு, கூட்டல் கழித்தல் குறியோடு இருக்கும். நுரை நிறைந்த படத்துக்கு கூட்டல் பக்கம் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரு மடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) வரை, கறும்பாறைப் படத்துக்கு கழித்தல் பக்கம் ஒரு ஸ்டாப் வரை நகர்த்திப் பாருங்கள். போனில் தண்ணீரின் மேல் விரலை வைத்துத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் அதே வேலை நடக்கும். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் திரை பொய் சொல்லும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அல்லது வெளுத்துப்போன இடம் மின்னி மின்னிக் காட்டும் வசதியைப் போட்டு வையுங்கள். நுரையில் ஒன்றிரண்டு புள்ளி மின்னினால் பரவாயில்லை, அருவி முழுவதும் மின்னினால் படம் போச்சு.

அருவி என்றாலே தண்ணீரைப் பால்போல ஆக்கிவிட வேண்டும் என்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. நீர்வரத்து குறைந்த மாதங்களில் மெல்லிய தாரைகளுக்கு அது அழகுதான், அரை நொடி ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) போதும். ஆடியில் வெள்ளம் புரண்டு வரும்போது அதையே செய்தால் படத்தில் பனிமூட்டம்தான் மிஞ்சும், வேகமே தெரியாது. அப்போது 1/500 நொடியைவிட வேகமாக வைத்து துளிகளை நிறுத்துங்கள், இல்லையென்றால் 1/15 அளவில் வைத்து அசைவைக் கொஞ்சம் மட்டும் விடுங்கள். ஷட்டரை மெதுவாக்க எஃப் 22 வரை துவாரத்தைச் சுருக்குவது இன்னொரு தவறு. அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுவதும் கூர்மை இழக்கும். எஃப் 11 பக்கம் நிறுத்திக்கொண்டு வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். அப்புறம், புதுவெள்ளம் செம்மண் நிறத்தில்தான் வரும். அதை வெள்ளையாக்க, படத்தின் நிறச் சாய்வை மாற்றும் ஒயிட் பேலன்ஸை நீலப் பக்கம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பாறையும் பரிசல்காரர் முகமும் சேர்ந்து நீலமாகும்.

பரிசலில் ஏறியபின் ட்ரைபாட் வெறும் சுமை. அங்கே ஷட்டர் வேகமும், துவாரம் பெரிதாகத் திறக்கும் லென்ஸும், சாரலைத் துடைக்க ஒரு மைக்ரோஃபைபர் துணியும்தான் உதவும். சட்டை நுனியில் துடைத்தால் அதிலிருக்கும் மணல் லென்ஸில் கோடு போடும்.

'காலை, மாலை வெயிலில் எடு' என்ற அறிவுரை

இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பொதுவாகச் சரிதான். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதும் ஒரு தவறு என்பதற்கு நம்மூர் நடுகற்களே சாட்சி.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வில்லோ வாளோ ஏந்திய வீரன், சில கற்களில் அவன் தலைக்கு மேலே வட்டெழுத்தில் சில வரிகள். செதுக்கல் பல இடங்களில் மிகவும் மேலோட்டமானது, அதிலும் மழையும் வெயிலும் தேய்த்தது போக மிச்சம். கிழக்கு பார்த்து நிற்கும் கல்லை அதிகாலையில் எடுத்தால் என்ன ஆகும்? தாழ்ந்த சூரியன் கல்லின் முகத்தில் நேராக அடிக்கும். நிறம் பொன்னாக இருக்கும், எழுத்து ஒன்றும் தெரியாது. செதுக்கலுக்குள் நிழல் விழுந்தால்தான் எழுத்து கண்ணுக்குப் புலப்படும். நிழல் விழ வேண்டுமென்றால் ஒளி கல்லின் பரப்பை ஒட்டி, உரசிக்கொண்டு போக வேண்டும். அதே கிழக்குக் கல்லில், சூரியன் உச்சிக்கு ஏறுகிற 11, 12 மணி வாக்கில் வெயில் மேலிருந்து கீழாக வழுக்கி இறங்கும். காலையில் காணாத கோடுகள் அப்போது எழுந்து நிற்கும். ஊரெல்லாம் 'போகாதே' என்று சொல்லும் அந்த நேரம்தான் இந்தக் கல்லுக்கு நல்ல நேரம்.

ஆகவே கல் எந்தத் திசை பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். நாள் முழுக்க நிழலிலேயே நிற்கும் கல் என்றால் அந்தி சாயும்வரை காத்திருந்து, கேமராவை ட்ரைபாடில் வைத்துவிட்டு, கூட வந்தவரிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து கல்லின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் அடிக்கச் சொல்லுங்கள். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. நின்ற கோட்டுக்கும் படுத்த கோட்டுக்கும் வேறு வேறு பக்கத்து வெளிச்சம் தேவைப்படும் என்பதால் ஒரே படத்தை நம்பக் கூடாது. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் நேரே அடிக்கும். அது காலை வெயில் செய்த அதே கெடுதலைச் செய்யும்.

எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, கம்பியால் சுரண்டுவது எதுவும் வேண்டாம். கல்லுக்கும் கெடுதல், நீங்கள் தடவிய கோடு உண்மையில் இருந்ததா என்று பிறகு யாராலும் சொல்லவும் முடியாது. பல ஊர்களில் நடுகல்தான் வேடியப்பன் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். மஞ்சளும் எண்ணெயும் பூசியிருந்தால் அதோடு எடுப்பதுதான் முறை.

மாந்தோப்பில் பச்சை முகம்

கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு மாந்தோப்பு எளிதாகக் கிடைக்கும் இடம். நிழல் இருக்கிறதே என்று மரத்தடியில் மணமக்களை நிறுத்துகிறார்கள். இரண்டு சிக்கல்கள் வரும். இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் வெள்ளைத் திட்டுகளாகப் படியும். இதை எடிட்டிங்கில் சரிசெய்வது நடக்காத காரியம். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. மேலே இலை, கீழே புல். இரண்டிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சையாக வந்து, தாடையின் அடியிலும் கழுத்திலும் உட்காரும். பட்டுப் புடவை சரியாக இருக்க, பெண்ணின் கழுத்து மட்டும் நோய்ப்பட்டதுபோல் தெரிவது இதனால்தான். ஒயிட் பேலன்ஸை மெஜந்தா பக்கம் தள்ளினால் பச்சை போகும், கூடவே நெற்றியும் கன்னமும் ரோஸ் நிறமாகிவிடும், ஏனென்றால் பச்சை முகத்தின் ஒரு பகுதியில்தான் இருக்கிறது.

தோப்பின் நடுவே நிற்க வேண்டாம். நிழல் முடியும் விளிம்புக்கு அவர்களைக் கொண்டுவந்து, முகம் வெளியே திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். தோப்பு பின்னணியில் இருட்டாக விழும், முகத்தில் சுத்தமான வெளிச்சம் வரும். காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் புல்லின் பச்சை மறைந்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையும் குறையும். ஆயிரக்கணக்கில் ரிஃப்ளெக்டர் வாங்கத் தேவையில்லை.

காளை ஓடும்போது

எருது விடும் விழாவில் நடக்கும் தவறுகளில் முதலாவது படத்தைப் பற்றியதே இல்லை: நல்ல கோணம் என்று ஓடுதளத்துக்குள் இறங்கி நிற்பது. தடுப்புக்கு வெளியே நின்று கொஞ்சம் நீண்ட லென்ஸில் எடுங்கள்.

கறுப்புக் காளை படச்சட்டத்தை நிறைத்தால் வெள்ளை நுரைக்கு நடந்ததன் தலைகீழ் நடக்கும். கேமரா வெளிச்சத்தை ஏற்றும், காளை வெளிறிய பழுப்பாகும், பின்னால் இருக்கும் வெள்ளைச் சட்டைகளெல்லாம் வெளுத்துப்போகும். கழித்தல் பக்கம் இரண்டு படி. ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல், ஃபோகஸ் தொடர் முறையில். வெளிச்சம் போதவில்லையா, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கோ 3200க்கோ ஏற்றுங்கள். 'ஐஎஸ்ஓ 100ஐத் தாண்டினால் பொரி (பொடிப்பொடிப் புள்ளிகள்) விழும்' என்று பயந்து 1/125ல் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொரியை மென்பொருளில் குறைக்கலாம். அசைந்து கலங்கிய காளையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பட்டனை ஆரம்பத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொள்வதும் வேண்டாம். படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் கேமராவின் பஃபர் நிரம்பி, காளை நேர் எதிரே வரும் நொடியில் நின்றுவிடும். அந்தப் புழுதியில் லென்ஸ் மாற்றினால் உள்ளே சென்சாரில் தூசி ஒட்டி, அடுத்த மாதம் எடுக்கும் ஒவ்வொரு வானத்திலும் கறுப்புப் புள்ளி இருக்கும்.

சாமான் வாங்குவது பற்றிச் சுருக்கமாக. புது கேமரா பாடிக்கு ஆசைப்படுவதற்கு முன் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள், அந்தந்த நிறுவனத்தின் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் அது ஒன்று. தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது ஜூம் இல்லை, படத்தை வெட்டுவது. நடந்து போக முடிந்தால் நடந்து போங்கள். சாரலில் நனைந்த பையிலேயே கேமராவை வைத்துவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை சாலையில் யானை தென்பட்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். அந்தக் காட்டுப் பகுதியில் 2014ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

எடிட்டிங்கில்

ஓசூர் பாலிஹவுஸில் தாஜ்மகால் என்ற சிவப்பு ரோஜா வகையை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேரில் இதழ் மேல் இதழாக இருந்த பூ, படத்தில் ஒரே சிவப்புக் கட்டியாக வரும். மேலே இருக்கும் தாள் வெயிலை வடிகட்டி மென்மையாக்குவதால் வெளிச்சத்தில் குறையே இல்லை. குறை சிவப்பில். கேமரா பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்றாகப் பதிவு செய்கிறது. அடர்சிவப்புப் பூவில் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டுவிடும், மற்ற இரண்டும் கீழே இருப்பதால் மொத்த ஹிஸ்டோகிராம் 'எல்லாம் சரி' என்று காட்டும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு இடிக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். பிறகு லைட்ரூமிலோ ஸ்னாப்சீடிலோ சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றினால் அந்தக் கஷ்டமெல்லாம் வீண், இதழின் கோடுகள் மறுபடி மறைந்துவிடும். லைட்ரூமில் சிவப்பின் லூமினன்ஸை (ஒளிர்வை) மட்டும் லேசாகக் கீழே இறக்கிப் பாருங்கள்.

கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுப்பது இங்கேதான் கைகொடுக்கும். ஜேபெக் 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இருட்டை ஏற்றும்போதும் வெளுப்பை இறக்கும்போதும் ஜேபெக் பட்டை பட்டையாக உடைவது அதனால்தான். ராவாக எடுத்துவிட்டோமே, என்னவும் செய்யலாம் என்று அளவு தவறுவதும் நடக்கிறது: முழுவதும் வெளுத்த இடத்தில் ராவிலும் ஒன்றும் இருக்காது.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் படத்தில் நீர்மட்டம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை, முதலில் அதை நேராக்குங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, திரையின் ஒளியை உச்சத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். திரை பளிச்சென்று இருப்பதால் படத்தைத் தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடுவீர்கள், பிரிண்ட் போட்டு வாங்கும்போதுதான் தெரியும். ஷார்ப்னஸை 100 சதவீத அளவில் பார்த்தே கூட்டுங்கள், மலை விளிம்பில் வெள்ளைக் கோடு வந்துவிட்டால் குறைத்துவிடுங்கள். கடைக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பும் ஃபைல் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் இருக்கட்டும், அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் பல போன்களில் நிறம் செத்துத் தெரியும்.

கடைசியாக, நல்ல படங்கள் பாழாவது பெரும்பாலும் அனுப்பும்போது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து 8க்கு 12 அங்குலம் பிரிண்ட் கேட்டால், கடைக்காரர் என்ன செய்வார் பாவம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 2400க்கு 3600, அதாவது கிட்டத்தட்ட 86 லட்சம் புள்ளிகள் வேண்டும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரிஜினல் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று உறுதியான பிறகு கார்டை ஃபார்மேட் செய்யுங்கள், அதையும் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே.