பழைய ஃபிலிம் கேமராவும் மூக்குக் கண்ணாடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுண் ரத வீதியில் ஒரு ரோல் முழுக்க எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வலது கண்ணாடியின் நடுவில் பிறை மாதிரி ஒரு கீறல். புதுக் கண்ணாடி போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. மனசே ஆறவில்லை.

‘அந்தக் காலத்தில் இதே கேமராவில்தானே எடுத்தார்கள்’ என்று அதுவரை அசட்டையாக இருந்தேன். அன்றைக்குப் பெரும்பாலோர் போட்டிருந்தது நிஜக் கண்ணாடி. இன்று நாம் போடுவது சிஆர்-39, பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக், அதில் எளிதில் கீறல் விழும். 1954-இல் வந்த லைக்கா எம்3 கேமராவில் கண் வைக்கும் இடத்தைச் சுற்றி இருப்பது வெறும் உலோக வளையம். அது உரசித்தான் கண்ணாடி கீறுகிறது.

சரி, அந்த வளையத்தின் மேல் ரப்பர் மாட்டினால் போதுமா? அந்த ரப்பரில் மணல் ஒட்டியிருந்தால் அதுவும் கீறும். நம் பக்கத்து மண் லேசுப்பட்டதல்ல. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில், அதாவது செம்மணல் மேடுகளில், நிறைய இருப்பது குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம். உவரிக் கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது; உப்புத்தாள் செய்யவே பயன்படும் பொருள் அது. ஆடிக் காற்றில் இதெல்லாம் கேமராவில் வந்து உட்காரும். அதனால் கண்ணருகே கொண்டுபோகும் முன் ரப்பரை ஒரு சின்ன பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கண்ணாடியை வேட்டி நுனியால் துடைப்பது இதைவிட மோசம். முதலில் தண்ணீரில் அலசி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, அப்புறம் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

ரப்பர் வளையத்தை ஃபெவிக்விக் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் ஆவி வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். இருபக்க டேப் போதும். தடித்த வளையமும் வேண்டாம். கண் தள்ளிப்போய் படத்தின் ஓரங்கள் தெரியாது. ஓரம் தெரியவில்லை என்றுதான் நாம் கேமராவை முகத்தோடு அழுத்துகிறோம், கீறலும் அங்கேதான் விழுகிறது. அழுத்தாமல், கண்ணை லேசாக நகர்த்தி ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள்.

நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராக்களில் கண் வைக்கும் இடத்தில் பவர் லென்ஸைத் திருகி மாட்டி, கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்குத் தரும் பவர்) உள்ளவர்களுக்கு அது முழுதாக உதவாது. கழற்றிய கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டால் கேமராவில் உரசும், டப்பாவில் வையுங்கள்.

விழுந்த கீறலைப் பற்பசையால் தேய்க்க வேண்டாம். மேலே உள்ள கோட்டிங்கும் போய்விடும்.