மேட்டூர்த் தண்ணீரை வைத்துச் செயற்கை நுண்ணறிவைக் கற்பது: கல்லூரி வகுப்புக்கு ஒரு செய்முறை

கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளியானதற்குப் பிறகு, மாணவர்கள் தரும் அசைன்மென்ட் தாள்கள் எல்லாம் ஒரே கை எழுதியவைபோல் மாறிவந்ததைக் கவனித்தேன். பயன்படுத்தாதே என்று சொல்வதால் பயனில்லை என்று உணர்ந்தபின், வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அங்கே நாங்கள் செய்துபார்த்த வரிசையை, இக்கருவிகளை இதுவரை தொட்டிராத ஆசிரியர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒரு கைப்பேசியும் ஒரு கூகுள் கணக்கும் இருந்தால் போதும்.

முதல் படி: தெரிந்ததைக் கேளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் தமக்குத் தெரியாத பாடத்தைக் கேட்கிறார்கள். வந்த விடை சரியா தவறா என்று பார்க்க அவர்களிடம் எந்த அளவுகோலும் இருப்பதில்லை. ஆகவே நீங்கள் நன்கு அறிந்த ஒன்றை முதலில் கேளுங்கள். எங்கள் மாணவர்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால், ‘குறுவைக்கு மேட்டூர் அணை எப்போது திறக்கப்படும்?’ என்று கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஜெமினியிடம் கேட்கச் சொன்னேன். ஜூன் 12 என்று உறுதியாக விடை வந்தது. அது வழக்கமான நாள்தான். ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போனதும் உண்டு. இக்கருவிகள் படித்த எழுத்துகளில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதைக் கணித்தே விடையை அமைக்கின்றன. அதனால் பலமுறை எழுதப்பட்டது அழுத்தமாக வரும். விதிவிலக்கு எளிதில் நழுவிவிடும். இதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்த மாணவர் பிறகு எந்த விடையையும் அப்படியே நம்புவதில்லை.

இரண்டாம் படி: கேள்வியை முழுதாக எழுதுங்கள்

‘காவிரி பற்றிச் சொல்’ என்றால் எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டுரைதான் வரும். யாருக்கு, எந்த அளவில், எதற்காக என்பவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். ‘நான் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவன். டெல்டாவில் குறுவைப் பரப்பு ஆண்டுதோறும் கூடிக் குறைவதற்கான காரணங்களை எளிய தமிழில் விளக்கு. உறுதியில்லாத இடத்தைத் தனியே குறிப்பிடு’ என்பது ஒரு நல்ல பிராம்ப்ட், அதாவது கருவிக்கு நாம் எழுதித் தரும் கேள்வி.

மூன்றாம் படி: கணக்கைக் கையாலும் போடுங்கள்

வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இந்தப் படிதான்; அந்த நேரம் வீணாகவில்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). வினாடிக்கு 10,000 கனஅடி வீதம் திறந்தால் எத்தனை நாளைக்கு வரும் என்று கருவியிடம் கேட்டுவிட்டு, அதே கணக்கை நோட்டிலும் போடச் சொன்னேன். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. எனவே ஒரு நாளில் வெளியேறுவது 86.4 கோடி கனஅடி, அதாவது 0.864 டிஎம்சி. வகுத்தால் ஏறத்தாழ 108 நாள் வருகிறது. குறுவை நெல் ரகங்களின் வயதும் கிட்டத்தட்ட அதுவே என்பதை ஒரு மாணவி கவனித்துச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு கருவியிடம் ‘இந்தக் கணக்கு எவற்றை விட்டுவிட்டது?’ என்று கேட்டோம். அணைக்கு வந்துகொண்டிருக்கும் நீர், ஆவியாதல், கல்லணைக்கு வரும் வழியில் ஏற்படும் இழப்பு, அணையை அடிவரை வடிக்க முடியாது என்பது ஆகியவை விடையில் வந்தன. விடை கேட்பதைவிட விடையில் விடுபட்டதைக் கேட்பதற்கே இக்கருவி அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

நான்காம் படி: உங்கள் பாடக்குறிப்பைக் கொடுங்கள்

நோட்புக்எல்எம் என்ற கூகுள் கருவியில் உங்கள் பிடிஎஃப் கோப்புகளை ஏற்றினால், விடைகளை அவற்றிலிருந்தே திரட்டி, எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்பதையும் எண்ணிட்டுக் காட்டும். எண்ணைத் தொட்டு மூலத்தைப் படித்துப் பாருங்கள். ‘இந்த யூனிட்டிலிருந்து இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து’ என்று கேட்டால் மீள்பார்வைக்கு நன்றாகப் பயன்படும். ஆனால் தமிழ் ஆசிரியர்கள் ஒன்றை முதலில் பார்க்க வேண்டும்: பழைய குறிப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

ஐந்தாம் படி: மேற்கோளைத் தேடிப் பிடியுங்கள்

இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து இக்கருவிகள் தந்துவிடும். நூலகப் பட்டியலிலோ, ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரிலோ கண்ணில் படாத எந்த நூலையும் அசைன்மென்ட்டில் சேர்க்காதீர்கள்.

ஆறாம் படி: ஆசிரியர் மதிப்பிடும் முறை

கருவி எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. தானே எழுதிய மாணவரையும் அவை குற்றவாளியாக்கிவிடும். அந்த வேதனையை ஒரு மாணவியின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, கேட்ட கேள்விகள், வந்த விடை, தானாகத் திருத்திய இடங்கள் ஆகிய மூன்றையும் தாளுடன் இணைக்கச் சொல்கிறேன். பிறகு ஐந்து நிமிடம் நேரில் பேசி மதிப்பெண் இடுகிறேன். மாணவர்களின் பெயர், பதிவு எண், இன்டர்னல் மார்க் எதையும் இக்கருவிகளில் ஏற்றுவதில்லை. அடுத்த பருவத்தில் இதே கணக்கைச் சம்பா நெல்லுக்குப் போடப்போகிறோம். வடகிழக்குப் பருவமழையையும் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால், கருவியிடம் என்ன கேட்பது என்பதை மாணவர்களே இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.