டாம்சலை முதல் மீனாக விடாதீர்கள்: மெரைன் டேங்கில் சண்டையை வரவழைக்கும் தவறுகள்

சத்துவாச்சாரி, காட்பாடி, ஆற்காடு என்று சுற்றுவட்டாரத்தில் புதிதாக மெரைன் டேங்க், அதாவது கடல்மீன் தொட்டி, ஆரம்பிக்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிச் சந்தேகம் கேட்கிறார்கள். பழைய ஆட்கள் நாங்கள் எல்லோரும் தாண்டி வந்த அதே தவறுகள்தான் அப்படியே திரும்ப நடக்கின்றன. உப்பு அளவு, தீனியை அள்ளிப் போடுவது, வேலூர் வெயிலில் தண்ணீர் சூடாவது பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். எதோடு எதை விடுவது, எதை முதலில் விடுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சைக்கிளுக்கு டாம்சல்

"முதல்ல ரெண்டு டாம்சல் போடுங்க, தண்ணி செட் ஆகட்டும், அது சாகாது." டாம்சல் என்ற சின்னக் கடல்மீனைப் பற்றி எத்தனையோ கடைகளில் இதைக் கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் கேட்டால் எரிச்சல் வருகிறது. சாகாது என்பது ஓரளவு உண்மை. விலையும் குறைவு. புது டேங்கில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம் (இதைத்தான் சைக்கிள் என்கிறோம்), அதுவரை அம்மோனியாவுக்கு ஒரு மீன் வேண்டும் என்பது கடைக்காரர் கணக்கு. அந்த வாரங்களில் டாம்சல் இன்னொன்றையும் செய்கிறது. எந்தப் பொந்து, எந்த மூலை, தீனி எங்கே விழும் என்று மொத்த டேங்கையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

கடலிலும் அது இப்படித்தான். தன் இடத்துக்குள் வந்தால் தன்னைவிடப் பெரிய மீனையும் துரத்தும், முக்குளிப்பவர் கையைக்கூடக் கொத்தும். ஆனால் அங்கே துரத்தப்பட்ட மீன் கொஞ்ச தூரம் விலகிப் போனால் விஷயம் முடிந்துவிடும். மூன்றடி டேங்கில் அது எங்கே போகும்?

காட்பாடியில் ஒரு தம்பி வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். வெல்வெட் கறுப்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த டாமினோ டாம்சல், வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு. சைக்கிள் முடிந்ததும் சென்னை கொளத்தூர் போய் ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கி வந்தான். கவரிலிருந்து அது வெளியே வந்ததுதான் தாமதம், டாமினோ பொந்தைவிட்டு வந்து துடுப்பை எல்லாம் விரித்துப் பக்கவாட்டில் நின்றது, பிறகு ஒரே பாய்ச்சல். கண்ணாடியில் காதை வைத்தால் டக் டக் என்று அது எழுப்பும் சத்தம்கூடக் கேட்கும். ஃபயர்ஃபிஷ்ஷின் வாலில் ஒரு துண்டு அப்போதே போய்விட்டது. மறுநாள் காலையில் அது தரையில் காய்ந்து கிடந்தது. பயந்தால் எகிறிக் குதிக்கிற மீன், மூடி இல்லாத டேங்க். "தண்ணி சரியில்ல போலண்ணா" என்று சொல்லி அவன் இன்னொன்று வாங்கினான், அதுவும் நிலைக்கவில்லை. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. டாமினோ பதினாலு சென்டிமீட்டர் வரை வளரும், வளர வளர அந்தப் பொட்டுகளும் மங்கிவிடும், குணம் மட்டும் மாறாது என்று வாங்கும்போது ஒருவர் சொல்லியிருந்தால் அவன் காசும் அந்த இரண்டு மீன்களும் தப்பித்திருக்கும்.

சைக்கிளுக்கு மீனே தேவையில்லை. மீன் மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் தண்ணீரில் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா வரும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கி பூஜ்ஜியம் காட்டிய பிறகு ஃபயர்ஃபிஷ், கோபி மாதிரி சாதுவான மீனை முதலில் விடுங்கள், அப்புறம் கிளவுன், முரட்டு மீன் எதுவானாலும் கடைசியில். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். டேங்கில் பெரும்பாலும் ஊர்ப் பிடாரிதான் ஒண்ட வந்ததை விரட்டும்.

ஏற்கெனவே விட்டுவிட்டீர்களா? வலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள், ராக் இடுக்கில் புகுந்துவிடும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே சொருகி, ஒரு நாள் தீனி போடாமல் இருந்துவிட்டு பாட்டிலுக்குள் மட்டும் தீனி வையுங்கள். பொறுமை இருந்தால் மாட்டும். மாட்டவே இல்லையென்றால் ராக்கை எல்லாம் வெளியே எடுத்துத்தான் பிடிக்க வேண்டும். பிடிக்க மனசில்லை என்றால், புது மீன் விடுகிற அன்றைக்கு ராக்கை மாற்றி அடுக்கி, புது மீனை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து சில நாள் உள்ளேயே தொங்கவிடுங்கள். சில நேரம் பலிக்கும், டாமினோவிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

பேண்டட் ஷ்ரிம்ப் இரண்டு

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, நீண்ட வெள்ளை மீசை, பெரிய கொடுக்கு உள்ள இறால். அழகாக இருக்கிறது என்று ஜோடியாக வாங்குகிறார்கள். கடலில் இது ஆணும் பெண்ணுமாகத்தான் வாழ்கிறது, ஆனால் கடைத் தொட்டியில் நீங்கள் கை காட்டுகிற இரண்டும் ஜோடி என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டும் ஒரே பாலாக இருந்தால் இரண்டில் ஒன்று மிஞ்சாது, காலும் கொடுக்கும் தனித்தனியாகக் கிடக்கும். மற்ற இறால்களையும் விடாது, ராத்திரியில் தூங்குகிற சின்ன மீனையும் பிடிக்கும். ஒன்றே ஒன்று போதும்.

கிளீனர் ஷ்ரிம்ப்பை எவனும் தொட மாட்டான் என்ற நம்பிக்கை

மீன்கள் வரிசையில் நின்று இதனிடம் உடம்பைச் சுத்தம் செய்துகொள்வது நிஜம்தான். அதை நம்பி ஹாக்ஃபிஷ், டிரிகர், பஃபர் மாதிரி இறால் தின்னும் மீன் இருக்கிற டேங்கில் விடாதீர்கள். ஹாக்ஃபிஷ் பாறைமேல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிக்ஸ் லைன் ராஸ், டாட்டிபேக் இரண்டும் குட்டி இறால்களைத் தின்னும், தோல் உரித்த இறாலையும் குறிவைக்கும்.

தோல் உரிப்பதைப் பற்றி ஒன்று. "ஷ்ரிம்ப் செத்துடுச்சுண்ணா" என்று போட்டோ வரும். பெரிதாக்கிப் பார்த்தால் மீசை முதல் கால் வரை எல்லாம் இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. அது சட்டை. இறால் மெத்தென்ற புது ஓட்டோடு ராக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஓடு கெட்டியாக ஓரிரு நாள் ஆகும், அதுவரை குச்சியைவிட்டுத் தேடாதீர்கள்.

லயன் ஃபிஷ்

வாயில் நுழைவது எல்லாம் அதற்குத் தீனி.

செம்பு கலந்த மருந்து

இறால் இருக்கிற டேங்கில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

பெரிய கிளவுன் இரண்டு

கிளவுன் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், மாறிய பிறகு திரும்ப ஆணாகாது. அதனால் நன்றாக வளர்ந்த இரண்டை வாங்கினால் இரண்டுமே பெண்ணாக இருக்கலாம், ஒன்றை ஒன்று கொல்லப் பார்க்கும். குட்டிகளாக வாங்குங்கள், ஒன்று சற்றே பெரியதாக இருக்கட்டும், மூன்றாவது வேண்டாம். சின்னது பெரியதன் முன்னால் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கும். நோய் என்று நினைத்துப் பிரித்து வைக்காதீர்கள், பணிந்துபோவதை அது அப்படித்தான் காட்டும்.